தானே விதைத்துக்கொள்ளும் பாப்பி

மாணவர்களே, உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கசகசா இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புத் தாளின்மேல் தூவிப் பாருங்கள். கையில் லென்சு இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு மணியும் சிறுநீரகத்தைப்போல் ஒரு பக்கம் குழிந்து வளைந்திருக்கும். மேற்பரப்பில் மீன்வலை பின்னியதுபோல வரிகள் தெரியும். ஒரு கிராம் கசகசாவில் இரண்டாயிரம் மணிகளுக்கு மேல் இருக்கும். குருமாவில் அரைத்துவிடும் இந்தத் தூளுக்கு இத்தனை வேலைப்பாடா என்று வியப்பாக இருக்கும்.

கசகசா, பாப்பி இனத்தைச் சேர்ந்த அபினிச் செடியின் விதை. அபினி என்னும் போதைப் பொருள் காயின் சுவரில் ஊறும் பாலிலிருந்து எடுக்கப்படுகிறது, விதையிலிருந்து அன்று. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் இச்செடியை வளர்ப்பது குற்றம். ஆகவே தாளில் பார்த்த விதையைத் தொட்டியில் விதைத்துப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்! நாம் இங்கே பேசப்போவது அதன் உறவினனாகிய வயல் பாப்பியைப் பற்றி. தாவரவியலார் இதற்கு வைத்த பெயர் பப்பாவர் ரீயாஸ். ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் களையாகத் திரிந்த இச்செடி, இங்கிலாந்து போன்ற குளிர்ந்த நாடுகளின் வீட்டுத் தோட்டங்களில் இன்று விரும்பி வளர்க்கப்படுகிறது. இதன் விதை கசகசாவைவிடவும் சிறியது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் விதைகள்.

“ஒரு முறை விதைத்தால் போதும். பிறகு அதுவே தன்னை விதைத்துக்கொள்ளும்” என்று தோட்டக்காரர்கள் சொல்லுவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதை நம்பி விதைத்தவர் காணும் காட்சி வேறு. முதல் ஆண்டு இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பாத்தி நிறையப் பூக்கிறது. இரண்டாம் ஆண்டு பத்துச் செடிகூட முளைப்பதில்லை. செடி ஒழிந்துவிட்டது என்று எண்ணி, மூன்றாம் ஆண்டு வேறு எதையோ நடுவதற்காக மண்ணைக் கொத்துகிறார். நூற்றுக்கணக்கில் பாப்பி முளைக்கிறது! ஐந்தாறு ஆண்டு சென்றால் இளஞ்சிவப்பையும் வெள்ளையையும் காணவில்லை. பாத்தி முழுவதும் வயலில் இருப்பதுபோன்ற செக்கச் செவேல் பூக்கள். முதலில் செடி எங்கே போயிற்று? பிறகு நிறம் எங்கே போயிற்று? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தவர்தான் பாப்பியை உண்மையில் வளர்க்கத் தெரிந்தவர்.

ஒரு நாள் பூ

பாப்பியின் மொட்டு மயிர் அடர்ந்த காம்பில் தலைகுனிந்து தொங்கும். பூக்கும் நேரம் நெருங்கியதும் காம்பு நிமிர்கிறது. விடியற்காலையில் இரண்டு புல்லி இதழ்களும் கழன்று விழ, உள்ளே கசங்கிய பட்டுத்துணியைப்போல் மடிந்து கிடந்த நான்கு இதழ்கள் விரிகின்றன. அடியில் பெரும்பாலும் ஒரு கரும்புள்ளி. நடுவில் கருநிற மகரந்தப் பைகள் வட்டமாகக் கூடியிருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டுகளும் தேனீக்களும் மகரந்தத்துக்காகவே வருகின்றன. ஓரிரு நாளில் இதழ்கள் உதிர்ந்துவிடும்.

எஞ்சி நிற்பது சிறு குடத்தைப்போன்ற காய். அதன் தலையில் தட்டையான மூடி ஒன்று இருக்கும். பூவின் சூல்முடியே இப்படி மூடியாக நிற்கிறது. காய் முற்றி உலர்ந்ததும் மூடிக்குக் கீழே சுற்றிலும் சிறு துளைகள் திறக்கின்றன. சாப்பாட்டு மேசையில் மிளகுத்தூள் தூவும் குப்பியைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே அமைப்புத்தான். காற்றில் காம்பு ஆட ஆட, விதைகள் துளை வழியே தெறித்துச் சுற்றிலும் சில மீட்டருக்குள் விழுகின்றன. காற்று இல்லாத நாளில் ஒன்றும் விழாது. மூடி கூரையைப்போல் நீட்டிக்கொண்டிருப்பதால் மழைநீரும் எளிதில் உள்ளே போகாது. ஒரு காயில் ஆயிரம் விதைக்கு மேலும் இருக்கலாம்; நன்கு வளர்ந்த செடியில் பல காய்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. கசகசாவுக்காகப் பயிரிடப்படும் அபினிச் செடியின் பல ரகங்களில் இந்தத் துளைகள் திறப்பதே இல்லை. விதை சிந்தினால் உழவனுக்கு நட்டம். ஆகவே தலைமுறை தலைமுறையாகச் சிந்தாத காய்களையே பொறுக்கி விதைத்து, மனிதன் துளையை அடைத்துவிட்டான்.

வெளிச்சத்துக்குக் காத்திருக்கும் விதை

அத்தனை ஆயிரம் விதைகள் மண்ணில் விழுந்தும் மறு ஆண்டு ஏன் முளைக்கவில்லை? புதிதாக உதிர்ந்த விதைக்குள் இருக்கும் கரு முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. கோடையின் வெப்பத்தில் சில வாரங்கள் கிடந்த பிறகே அது முளைக்கும் நிலையை அடைகிறது. பிறகு இலையுதிர் காலக் குளிர்ச்சியும் ஈரமும் வந்ததும் ஒரு பகுதி முளைக்கிறது. இன்னொரு பகுதி வசந்தத்தில் முளைக்கிறது. மீதியெல்லாம் உறங்குகிறது. மழை, மண்புழு, மண்வெட்டி எல்லாம் சேர்ந்து விதையைச் சிறிது கீழே தள்ளிவிட்டால் போதும், அது பல பத்தாண்டுகள்கூட உயிரோடு கிடக்கும்.

கீழே போனதும் அது முளைக்க மறுப்பது சரியான செயலே. இவ்வளவு சிறிய விதையில் சேமித்து வைத்த உணவு எவ்வளவு இருக்கும்? ஐந்து செண்டிமீட்டர் ஆழத்திலிருந்து முளைவிட்டால், வெளிச்சத்தைக் காணுமுன்பே கைப்பொருள் தீர்ந்து இறந்துவிடும். அப்படியானால் தான் ஆழத்தில் இருப்பதை விதை எப்படி அறிகிறது? கண் இல்லை, காது இல்லை. ஆனால் ஒளியை உணரும் ஒரு பொருள் அதனிடம் இருக்கிறது.

அதைக் கண்டுபிடித்த கதை அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துப் பெல்ட்ஸ்வில் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் நடந்தது. 1952-இல் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு லெட்யூஸ் என்னும் கீரையின் விதைகளை நனைத்து இருட்டில் வைத்து, அவற்றின்மேல் சிறிது நேரம் சிவப்பு ஒளியைப் பாய்ச்சியது. விதைகள் முளைத்தன. சிவப்பு ஒளிக்குப் பிறகு, நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் முளைக்கவில்லை. மறுபடி சிவப்பு, முளைத்தன. மாற்றி மாற்றிப் பாய்ச்சினார்கள். எத்தனை முறை மாற்றினாலும், கடைசியில் விழுந்த ஒளி எதுவோ அதற்கே விதை கீழ்ப்படிந்தது. மின்விளக்கின் பொத்தானை மேலும் கீழும் தட்டுவதுபோல! இந்தப் பொத்தானாக வேலை செய்யும் நிறமியைச் செடியின் திசுவில் 1959-இல் கண்டறிந்தார்கள். அதன் பெயர் ஃபைட்டோகுரோம்.

சூரிய ஒளியில் சிவப்பு மிகுதி. அது விதையை எழுப்புகிறது. பச்சை இலைகளின் ஊடே வடிந்து வரும் ஒளியில் சிவப்பை இலை உறிஞ்சிவிடுவதால் தொலைச்சிவப்பே மிஞ்சும். அது “மேலே வேறு செடி நிற்கிறது, இப்போது எழாதே” என்ற சேதி. மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்குக் கீழே எந்த ஒளியும் போவதில்லை. எனவே பாப்பியின் பாத்தியை யாரும் கிளறாமல் விட்டால், மேலே புல்லும் வேறு செடிகளும் மூடிக்கொள்ள, விதைகள் உறங்கியே கிடக்கும். கொத்தினால், கீழே கிடந்தது மேலே வருகிறது. இரண்டாம் ஆண்டு ஒழிந்துபோன செடி மூன்றாம் ஆண்டு திரும்பி வந்த மர்மம் இதுதான்.

1990-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இருவர் இதை வைத்து விந்தையான யோசனை ஒன்றை வெளியிட்டார்கள். வயலைப் பகலில் உழுதால் களை விதைகள் வெளிச்சத்தைப் பார்த்துவிடுகின்றன. இரவில் உழுதால் என்ன? இருட்டில் உழுத பகுதியில் களைகள் மிகவும் குறைந்தன. பிற இடங்களில் செய்து பார்த்தபோது பலன் சில முறை கிடைத்தது, சில முறை கிடைக்கவில்லை. எல்லாக் களை விதைகளும் வெளிச்சத்தை நம்பி இருப்பவை அல்லவே.

நம் ஊர் மண்ணிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பள்ளித் தோட்டத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்து மண் எடுத்து இரண்டு தட்டுகளில் பரப்பி, ஒரே அளவு நீர் தெளியுங்கள். ஒன்றை வெளிச்சத்திலும் மற்றதை வெளிச்சம் புகாத பெட்டிக்குள்ளும் வைத்து, இரண்டு வாரம் கழித்து முளைகளை எண்ணுங்கள். ஆனால் மண்ணைத் தோண்டும்போதே வெளிச்சம் பட்டுவிடுமே, அதற்கு என்ன செய்வீர்கள்? பொழுது சாய்ந்த பிறகு, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, டார்ச் விளக்கின்மேல் பச்சைக் கண்ணாடித்தாளைப் பல மடிப்பாகச் சுற்றி எடுத்துப் போங்கள். மங்கிய பச்சை ஒளி விதைகளை மிகக் குறைவாகவே தூண்டும். ஆய்வுக்கூடங்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

போர்க்களத்தில்

மண்ணைக் கிளறினால் பாப்பி முளைக்கும் என்பதை உலகம் மறக்க முடியாதபடி கண்டது முதல் உலகப் போரில். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் பீரங்கிக் குண்டுகள் விழுந்தும் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டும் நிலம் தலைகீழாகப் புரண்டது. புல்லும் பயிரும் அழிந்தன. நெடுங்காலமாக அடியில் கிடந்த விதைகளுக்கு வெளிச்சம் கிடைத்தது. புதைகுழிகளுக்கு இடையே சிவப்புப் பூக்கள் எழுந்தன. கனடா நாட்டு இராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915 மே மாதம் ஈப்ர நகரின் அருகே, தம் நண்பர் ஒருவரை அடக்கம் செய்த பிறகு, இந்தப் பூக்களை வைத்து ஒரு கவிதை எழுதினார். அவரும் போர் முடியுமுன்பே, 1918 ஜனவரியில், நோயால் இறந்தார். பிரிட்டனில் 1921 முதல் போரில் இறந்தவர்களின் நினைவாக நவம்பர் மாதத்தில் பாப்பி மலரின் உருவத்தைச் சட்டையில் அணிகிறார்கள்.

பூவின் சிவப்புக்கு வீரர்களின் இரத்தமே காரணம் என்று அக்காலத்தில் பலர் பேசிக்கொண்டார்கள். துயரத்தில் பிறந்த பேச்சு. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த விதைகள் போருக்கு முன்பே, அங்கே கோதுமை விளைந்த காலத்திலேயே, மண்ணுக்குள் இருந்தன.

உழவர்களுக்கு இது பெரும் தொல்லையாக இருந்தது. விதை சுத்தம் செய்யும் முறைகளாலும், 1940-களின் இறுதியில் வந்த களைக்கொல்லிகளாலும் வயல்களில் பாப்பி மிகவும் குறைந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் ஆண்டுதோறும் கோதுமை விளைந்துவரும் பிராட்பாக் என்ற வயல் இருக்கிறது. அதில் ஒரு பகுதிக்குக் களைக்கொல்லியே தெளிப்பதில்லை. அங்கே கோதுமையின் நடுவே பாப்பி இன்றும் பூக்கிறது. ஸ்பெயின் முதலிய நாடுகளில் களைக்கொல்லிக்கு அஞ்சாத பாப்பிகளும் 1990-களிலிருந்து தோன்றியிருக்கின்றன.

ஷெர்லியில் ஒரு வெள்ளை விளிம்பு

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். நிறம் எங்கே போயிற்று? இதற்கு விடை காண, அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

இலண்டனுக்குத் தெற்கே, குராய்டன் நகருக்கு அருகில் ஷெர்லி என்ற சிற்றூர். அங்கே தேவாலயக் குருவானவராக இருந்த வில்லியம் வில்க்ஸ் தோட்டக்கலையில் பேரார்வம் உடையவர். 1880-இல் அவருடைய தோட்டத்தில், வயலை ஒட்டிய பயன்படாத மூலை ஒன்றில், சாதாரண வயல் பாப்பிகள் பூத்திருந்தன. அத்தனை சிவப்புப் பூக்களில் ஒரே ஒரு பூவின் இதழ்களுக்கு மட்டும் மெல்லிய வெள்ளை விளிம்பு. வேறொருவர் பார்த்திருந்தால் “அழகாக இருக்கிறதே” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். வில்க்ஸ் அந்தப் பூவுக்கு அடையாளம் இட்டார். காய் முற்றியதும் அந்தக் காயின் விதையை மட்டும் சேர்த்து வைத்து விதைத்தார்.

மறு ஆண்டு சுமார் 200 செடிகள் வந்தன. அவற்றில் வெள்ளை விளிம்புள்ள பூக்கள் பூத்தவை நான்கைந்து செடிகளே. பலர் இங்கே மனம் தளர்ந்திருப்பார்கள். அவர் அவற்றில் சிறந்தவற்றின் விதையை எடுத்து மீண்டும் விதைத்தார். ஆண்டுக்கு ஆண்டு வெள்ளை பெருகிச் சிவப்பு வெளிறியது. இளஞ்சிவப்பு வந்தது, முழு வெள்ளைப் பூவும் வந்தது. அடுத்து நடுவிலிருக்கும் கருமையைப் போக்க முனைந்து அதிலும் வெற்றி கண்டார். கறுப்பு ஒரு துளிகூட இருக்கக் கூடாது; இதழின் அடி வெள்ளையாக இருக்க வேண்டும்; மகரந்தப் பை மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்க வேண்டும்; அதுவே ஷெர்லி பாப்பி என்று வரையறுத்தார். மெண்டலின் மரபு விதிகள் 1866-இல் அச்சாகியும் 1900 வரை உலகம் அவற்றைக் கவனிக்கவில்லை. ஆகவே வில்க்ஸ் இந்த வேலையைத் தொடங்கியபோது அவர் கையில் விதி எதுவும் இல்லை. பொறுமைதான் இருந்தது.

ஏன் 200-க்கு நான்கைந்து மட்டும்? காரணம் பாப்பிப் பூவின் ஒரு பிடிவாதம். வயல் பாப்பி தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. ஒரே பூவில் மகரந்தமும் சூல்முடியும் அருகருகே இருந்தும், சொந்த மகரந்தம் சூல்முடியில் விழுந்தால் அது வளர்வது சில நிமிடங்களில் நின்றுவிடும்; பிறகு அந்த மகரந்தம் இறந்துபோகும். சூல்முடியில் ஒரு புரதம் இருக்கிறது. மகரந்தத்திலும் அதற்கு இணையான ஒரு புரதம் இருக்கிறது. இரண்டும் ஒரே வகையானால் “இது நம் வீட்டுப் பிள்ளை” என்று அடையாளம் கண்டு விலக்கிவிடுகிறது. மகரந்தத்தின் பக்கத்துப் புரதத்தை பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தார்கள். நம் கிராமங்களில் ஒரே குலத்தில் பெண் எடுப்பதில்லை அல்லவா, அதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே தன்னையே விதைத்துக்கொள்ளும் இந்தச் செடி தன்னையே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்வதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வில்க்ஸின் வெள்ளை விளிம்புப் பூவுக்குத் தேனீக்கள் கொண்டுவந்தது சுற்றிலும் நின்ற சிவப்புப் பூக்களின் மகரந்தத்தை. அதனால் பிள்ளைகளில் பெரும்பாலானவை சிவப்பு. உங்கள் பாத்தியிலும் இளஞ்சிவப்புப் பூவின் காயில் இருப்பது, பக்கத்து வயலில் நின்ற ஏதோ ஒரு சிவப்புப் பூவின் வாரிசாக இருக்கலாம். மேலும், நீங்கள் கொத்தும்போது மேலே வருவது சென்ற ஆண்டு விதை மட்டுமா? உங்களுக்கு முன் அந்த நிலத்தில் பூத்தவற்றின் விதைகளும் வரும். தோட்டக்காரரின் உழைப்பைத் தேனீ ஒரு பக்கமும் மண் ஒரு பக்கமும் அழித்துக்கொண்டே இருக்கின்றன.

தோட்டத்தில் செய்ய வேண்டியது

குளிர்ந்த நாட்டுத் தோட்டக்காரர் செப்டம்பரிலோ, அல்லது மார்ச், ஏப்ரலிலோ விதைக்கிறார். இலையுதிர் காலத்தில் முளைத்த செடி, தரையோடு ஒட்டிய இலை வட்டமாகப் பனியைத் தாங்கி நின்று, வசந்தத்தில் முந்திக்கொண்டு வளரும். அதன் பூக்களும் அதிகம். வெயில் படும் இடம் வேண்டும். உரம் மிகுந்த மண் வேண்டியதில்லை. மண்ணைப் பல்வாரியால் கீறி, விதையுடன் மணல் கலந்து தூவி, கையால் லேசாக அழுத்தினால் போதும். மண்ணைப் போட்டு மூடக்கூடாது. ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும். நாற்றைப் பிடுங்கி நடவும் கூடாது. ஆணிவேர் அறுந்தால் செடி தேறாது. முளைத்த இடத்திலேயே ஒரு சாணுக்கு ஒன்றாகக் கலைத்துவிட வேண்டும். ஒற்றைச் செடியாக வளர்த்தால் பூக்கும், விதை வைக்காது. காரணம் மேலே சொன்ன பிடிவாதம்.

புதிதாகத் தோட்டம் போடுபவர் செய்யும் பெரிய தவறு, ஒழுங்காக இருக்கட்டும் என்று பாத்தி முழுவதும் மட்கையோ மரப்பட்டைத் துண்டுகளையோ கனமாகப் பரப்பிவிடுவது. பாப்பி விதைக்கு அது மீண்டும் இருட்டு. இன்னொரு தவறு, பல்லிலைபோல் வெட்டுள்ள அந்த இளஞ்செடியைக் களை என்று பிடுங்கி எறிவது. களைதான், ஆனால் வேண்டிய களை!

நிறத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் ஜூன், ஜூலை மாதங்களில் தினமும் காலையில், தேனீக்கள் வருமுன்பே, பாத்தியைச் சுற்றி வர வேண்டும். கரும்புள்ளியுடன் செக்கச் சிவப்பாக மலர்ந்த செடியை அன்றே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் அதன் மகரந்தம் பாத்தி முழுவதும் போய்விடும். சஃபோக் மாவட்டத்தில் வாழ்ந்த ஓவியர் செட்ரிக் மோரிஸ் இப்படியே ஆண்டுதோறும் பொறுக்கிப் பொறுக்கிச் சாம்பல், ஊதா சாயல் கொண்ட பாப்பிகளை உருவாக்கினார். வண்ணம் குழைத்துப் பழகிய கண் அல்லவா! பிடுங்க மனம் வராதவர்கள் சிவப்பையே வைத்துக்கொள்ளலாம். அதிலும் குறை ஒன்றும் இல்லை. எந்த ஆண்டிலும் அது மட்டும் தவறாமல் வரும்.

விரும்பிய பூக்களின் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். காய் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று ஓசை கேட்கும்போது, கொஞ்சம் விதையைக் காகித உறையில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைச் செடியோடு விட்டுவிடுகிறார்கள். காய்ந்த செடியைப் பிடுங்கும் நாளில் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பாத்தியின்மேல் இரண்டு முறை உலுக்குகிறார்கள். பிறகு பல்வாரியால் ஒரு கீறல்.